அரங்கத்துத் தீவும் அண்டத்தின் முடிவும்

முக்கொம்பில் காவிரி இரண்டாகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, இடையே ஒரு தீவு. அத்தீவின்மேல் இரு பெருங்கோயில்கள்: ஒன்று திருவரங்கம், மற்றொன்று திருவானைக்கா. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்குக் கோபுரங்கள் தென்னஞ்சோலைக்கு மேலே தலைதூக்கி நிற்பது தெரியும். காண்போர் கண்டு களிக்கட்டும். கல்லிலே கலை வடித்த கைகளைப் போற்றட்டும். நாம் இங்கே எடுத்துக்கொண்டது வேறொரு பொருள். இப்பேரண்டம் எப்படித் தோன்றிற்று? எப்படி விரிகிறது? எப்படி முடியும்? இக்கேள்விகளுக்கு அந்தச் சிறு தீவு ஒன்றல்ல, மூன்று விடைகளோடு உறவு கொண்டிருக்கிறது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதல் விடை திருவரங்கத்துக் கருவறையிலே பள்ளிகொண்டிருக்கிறது. ஊழி முடிவில் உலகெல்லாம் நீரில் அமிழும். பாற்கடலிலே பாம்பணைமீது திருமால் துயில்வார். அவருடைய உந்தியிலே தாமரை பூக்கும். அத்தாமரையிலே நான்முகன் தோன்றி உலகங்களைப் படைப்பான். அவனுடைய பகல் ஒன்று முடிந்ததும் படைத்தவை ஒடுங்கும். மீண்டும் விடியும், மீண்டும் படைப்பு. அரங்க விமானமே பாற்கடலில் எழுந்து, நான்முகனால் பூசிக்கப்பெற்று, அயோத்தி சென்று, இராமனால் வீடணனுக்கு வழங்கப்பட்டு, இலங்கைக்குச் செல்லும் வழியில் காவிரிக் கரையில் நிலைத்துவிட்டது என்று கோயிற் கதை கூறும்.

இரண்டாம் விடை திருவானைக்காவில். நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐந்தும் கலந்ததே உலகம் என்பது அக்கொள்கை. ஐந்தனுள் நீருக்குரிய தலம் திருவானைக்கா. சைவர்க்கு மட்டும் உரிய கொள்கையன்று இது. தொல்காப்பியரும் உலகம் ஐம்பூதங்களின் கலப்பென்றே கூறினார்.

மூன்றாம் விடையை எந்தக் கோபுரத்திலும் எவரும் செதுக்கவில்லை. 1888-ம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ம் நாள், அதே திருவானைக்காவில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. பாட்டனார் பெயர் சப்தரிஷி சாத்திரியார். வடவானத்து எழுமீன் கூட்டத்தின் பெயர்! தருக்க நூல் கற்பதற்காக வங்காளம் வரை கால்நடையாகவே சென்று மீண்டவர் அவர் என்பர். பேரன்தான் சி. வி. இராமன். பாட்டனார் நடந்து சென்ற வங்காளத்திற்குப் பேரனும் சென்றார், அரசாங்கக் கணக்கு அலுவலராக. அலுவல் முடிந்த பின் கல்கத்தாவின் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஒளியை ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28-ல் கண்டதற்கு 1930-ல் நோபெல் பரிசு வந்தது.

ஆயினும் நம் கட்டுரையின் தலைவர் இராமன் அல்லர். அவருடைய தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். இவர் பிறந்தது லாகூரில், 1910 அக்டோபர் 19-ல். தந்தையார் அங்கே இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். ஆகவே ‘எங்கள் ஊரார்’ என்று மார்தட்ட விரும்பும் திருச்சி நண்பர்கள் இராமனைப் பற்றித் தாராளமாகத் தட்டலாம். சந்திரசேகரைப் பற்றி உறவுமுறை கூறித்தான் தட்டவேண்டும். பிறந்த குலம் யாது என்று கேட்பாரும் உண்டு. கேட்கட்டும். விண்மீனின் எடை, கணக்கிட்டவன் குலம் பார்த்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். முதல் விடையோடு கணக்கொன்று சேர்ந்தே வருகிறது. கலியுகம் 4,32,000 ஆண்டு. நான்கு யுகங்களும் சேர்ந்தால் 43,20,000 ஆண்டு. அப்படி ஆயிரம் சுற்று கழிந்தால் நான்முகனுக்கு ஒரு பகல், அதாவது 432 கோடி ஆண்டு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் சடங்கு செய்வோர் வாயில் இன்றும் இக்கணக்கு ஒலிக்கிறது. இன்ன கற்பம், இன்ன மனுவின் காலம், இத்தனையாவது கலியுகம், அதில் இன்ன பாதம் என்று காலத்தையும் இடத்தையும் சொல்லித்தான் சங்கற்பம் நடைபெறும். இப்பகல் விடிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அந்நூல்களின் முறைப்படியே கூட்டிப் பார்த்தால் 197 கோடி ஆண்டு வருகிறது.

இதை எள்ளி நகையாடுவது எளிது. நாம் அதைச் செய்ய வரவில்லை. 1650-ல் அயர்லாந்துப் பேராயர் அஷர், விவிலியத்தின் தலைமுறைகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டதென்று எழுதினார். ஐரோப்பா நெடுங்காலம் அதை நம்பிற்று. அவருக்கு ஆயிரங்களே போதுமாயிருந்தன. இங்குள்ளோர் கோடிகளிலே எண்ணினர். கற்பனையின் அகலத்துக்குப் பரிசு கொடுப்பதென்றால் இங்குள்ளோர்க்கே கொடுக்கலாம். ஆனால் நாம் கேட்பது அகலத்தையன்று. அளந்தது யார்? எக்கோல் கொண்டு அளந்தனர்? பிழை நேர்ந்தால் திருத்தும் வழி யாது?

இக்கேள்வியைப் பிறரிடம் மட்டும் கேட்பது நேர்மையாகாது. பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார், திருமாலைப் பாடுமிடத்து, வெளியிலிருந்து வளியும், வளியிலிருந்து தீயும், தீயிலிருந்து நீரும், நீரிலிருந்து நிலமும் தோன்றிய முறையைக் கூறுகிறார். நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்னும் பேரெண்களால் ஊழியின் நெடுமையைக் குறிக்கிறார். அழகிய பாடல், சங்கத் தமிழனின் எண்ணம் எட்டிய உயரத்துக்குச் சான்று. ஆனால் ‘பெருவெடிப்புக் கொள்கையை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் கண்டான்’ என்று மேடையிலே முழங்குவோர்க்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதே வரிசையைத் தைத்திரீய உபநிடதமும் கூறுகிறது. அதைக் காட்டி ‘வேதத்தில் எல்லாம் இருக்கிறது’ என்பவரிடம் நாம் சான்று கேட்கிறோம் அல்லவா? அவர்க்கு ஒரு படி, நமக்கு ஒரு படி என்று இரு அளவு வைத்துக்கொள்வது வணிகத்திலேயே குற்றம். அறிவுத் துறையில் அதனினும் பெருங்குற்றம். கீரந்தையார் பாவலர். அவரைப் பாவலராகவே போற்றுவோம்.

அளக்கும் கோல் எப்படிக் கிடைத்தது? அந்த வரலாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஆர்வர்டு வானாய்வகத்தில் தொடங்குகிறது. தொலைநோக்கியைத் தொடும் உரிமை பெண்டிர்க்கு இல்லாத காலம். ஒளிப்படத் தகடுகளைப் பார்த்துக் கணக்கெழுதக் குறைந்த கூலிக்குப் பெண்களை அமர்த்தியிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் என்றியேட்டா லீவிட்டு, காது மந்தமானவர். மங்கியும் பொங்கியும் ஒளிரும் ஒருவகை விண்மீன்களை ஆராய்ந்து, எவ்வளவு மெல்லத் துடிக்கிறதோ அவ்வளவு மிகுந்த ஒளியுடையது அம்மீன் என்று 1912-ல் காட்டினார். துடிப்பை எண்ணினால் உண்மையான ஒளி தெரியும். உண்மையான ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தொலைவு தெரியும்.

மலைக்கோட்டையிலிருந்து இரவிலே திருவரங்கத்து விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே வலிமையுடையவை என்று தெரிந்திருந்தால், எது மங்கலோ அது தொலைவில் இருப்பது. இருமடங்கு தொலைவென்றால் நாலில் ஒரு பங்கு ஒளி. நோக்கும் குழாயைத் தொட விடாது தடுக்கப்பட்ட கைதான் அண்டத்தை அளக்கும் கோலைச் செய்து கொடுத்தது!

அதே 1912 முதல் சிலைபர் என்பவர், வானில் திட்டுத் திட்டாய்த் தெரிந்த சுருள் முகில்களின் நிறமாலையைப் படம்பிடித்து வந்தார். பெரும்பாலானவற்றில் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அவை நம்மை விட்டு விலகுகின்றன என்பது பொருள். 1922-ல் உருசிய நாட்டு பிரீட்மனும், 1927-ல் பெல்சிய நாட்டு இலமேத்திரும், ஐன்சுடைனின் சமன்பாடுகளை விரித்து, அண்டம் நிலையாக இருக்க வேண்டியதில்லை, விரியலாம் என்று காட்டினர். 1929-ல் அபிள், லீவிட்டின் கோலைக் கொண்டு தொலைவுகளைக் கணக்கிட்டார். எது எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அது அவ்வளவு விரைவாக விலகுகிறது என்றார்.

எல்லாம் நம்மை விட்டு ஓடுவானேன், நாம்தாம் நடுநாயகமோ என்று கேட்கத் தோன்றும். காஞ்சிபுரம் இட்டலிக்கு மிளகு கலந்து வைத்த மாவை நினைத்துக் கொள்ளுங்கள். மாவு புளித்துப் பொங்கப் பொங்க, எந்த மிளகின்மேல் அமர்ந்து பார்த்தாலும் மற்ற மிளகெல்லாம் விலகும். எட்டியிருப்பது மிக விரைந்து விலகும். எந்த மிளகும் நடுவன்று. விரிவது மாவு. அண்டத்தில் விரிவது வெளி.

விரிவைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் நெருங்கியிருந்த ஒரு காலம் வரும். அபிளின் எண்ணைக் கொண்டு நேர் கணக்காக ஓட்டினால் ஏறத்தாழ 196 கோடி ஆண்டு கிடைக்கும். மேலே நாம் சொன்ன 197 கோடியை நினைவிற் கொள்க! 1930-ல் யாரேனும் இவ்விரு எண்களையும் பக்கத்திற் பக்கம் வைத்திருந்தால், புராணம் மெய்யாயிற்று என்று பறை கொட்டியிருக்கலாம். கொட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்? அபிளின் எண் பிழையான எண். துடிக்கும் மீன்களில் இருவகை உண்டென்று அறியாமல் கலந்து கணக்கிட்டிருந்தார். 1952-ல் பாடே அதைக் கண்டறிந்து தொலைவுகளை இரட்டிப்பாக்கினார். அதற்குப் பின்னும் திருத்தங்கள் தொடர்ந்தன. இன்று நிற்கும் எண் 1,380 கோடி ஆண்டு. பிழையோடு பொருந்திய எண்ணுக்கு என்ன பெருமை? அபிளின் எண் தவறென்று தெரிந்ததே, அஃது அளந்து பெற்ற எண் என்பதால்தான். நிலத்தின் பாறைகளின் வயது அண்டத்தின் வயதைவிட மிகுந்து நின்றது. தாயினும் மூத்த மகள் இருத்தல் கூடாதென்று ஆராய்ச்சியாளர் உறக்கமின்றி உழைத்துக் குறையைக் கண்டுபிடித்தனர். 432 கோடியைத் திருத்த ஒருவரும் உறக்கம் இழந்ததில்லை.

இனி, அண்டம் விரிகிறதென்றால் அதற்குத் தொடக்கம் உண்டா? இங்கேதான் ஆர்தர் எடிங்டன் வருகிறார். 1919-ல் ஞாயிறு மறைப்பைப் படமெடுத்து ஐன்சுடைனின் கொள்கையை உலகறியச் செய்த ஆங்கிலப் பேரறிஞர். இலமேத்திருக்குக் கேம்பிரிட்சில் ஆசான். எவரும் கவனியாது கிடந்த மாணவரின் 1927-ம் ஆண்டுக் கட்டுரையை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. ஆனால் விரிவை ஏற்ற அந்த உள்ளம் தொடக்கத்தை ஏற்கவில்லை. இயற்கையின் ஒழுங்குக்கு ஒரு தொடக்கம் இருந்ததென்னும் எண்ணமே தமக்கு ஒவ்வாதது என்று 1931-ல் எழுதினார். அதே ஆண்டு இலமேத்திர் ‘நேச்சர்’ ஏட்டில் ஒரு சிறு மடல் விடுத்தார்: அண்டமெல்லாம் ஒரே அணுவாய் இருந்து சிதறியிருக்கலாம்.

இலமேத்திர் கத்தோலிக்கப் பாதிரியார். ஆகவே சமயக் கருத்தை அறிவியலுக்குள் நுழைக்கிறார் என்று ஐயுற்றோர் உண்டு. நிகழ்ந்ததோ வேறு. 1951-ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், புதிய வானியல் படைப்புக் கொள்கைக்குச் சான்று பகர்கிறதென்று உரையாற்றினார். மகிழ்ந்திருக்க வேண்டிய பாதிரியார் வருந்தினார். தம் கொள்கை வேறு, விவிலியம் வேறு, இரண்டையும் முடிச்சிடுதல் ஆகாது என்று எடுத்துச் சொல்லச் செய்தார். போப்பாண்டவரும் அதன்பின் அப்பேச்சை வளர்க்கவில்லை. நம் நாட்டு மேடைகளிலே இதைப் போல் ஒரு நிகழ்ச்சி நடந்திருந்தால் நாம் அதை விழாவாகவே கொண்டாடியிருப்போம்.

தொடக்கம் வேண்டாமென்ற கட்சியும் வலியது. ‘பெருவெடிப்பு’ என்ற பெயரே, அதை ஏற்காத பிரெட் ஆயில் 1949-ல் வானொலியிற் சொன்னது. அவருடைய மாணவர் சயந்து நர்லிகர், 2025-ல் மறையும் வரை, தொடக்கமற்ற அண்டம் என்னும் கொள்கைக்காகச் சான்றுகளோடு வாதிட்டார். சிறுபான்மையினர்தாம்; ஆனால் எண்ணுக்கு எண் வைத்து வாதிட்ட சிறுபான்மையினர். வழக்கைத் தீர்த்தது 1965. பென்சியாசு, வில்சன் என்னும் இருவர் தம் வானலைக் கொம்பில் ஓயாத இரைச்சல் கேட்டுப் புறா எச்சத்தையெல்லாம் துடைத்துப் பார்த்தனர், இரைச்சல் போகவில்லை. அது, அண்டம் தோன்றி 3,80,000 ஆண்டில் புறப்பட்ட ஒளி, விரிவினால் குளிர்ந்து எங்கும் நிறைந்திருப்பது. கல்கத்தாவில், இராமன் ஒளியை ஆராய்ந்த அதே கழகத்தில் பணியாற்றிய அமல் குமார் இராய்சவுத்ரி 1955-ல் வகுத்த சமன்பாடு, பெனுரோசும் ஆக்கிங்கும் தொடக்கத்தைப் பற்றித் தேற்றங்கள் நிறுவ அடிப்படையாயிற்று.

எடிங்டனுக்கு ஒவ்வாத முதல் எண்ணம் இப்படி வென்றது. ஒவ்வாத இரண்டாம் எண்ணம்தான் நம் சந்திரசேகருடையது.

சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் அவர். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழாக்கியவர். கணவனின் பொம்மையாக வாழ மறுத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் நோராவை, அந்நாளில், ஓர் ஆசாரக் குடும்பத்துப் பெண்மணி தமிழில் பேசவைத்தார் என்பதை நம் ஏட்டைப் படிக்கும் தங்கையர் குறித்துக்கொள்ளட்டும். 1930-ல் மகனுக்கு இங்கிலாந்து செல்லும் உதவித்தொகை கிடைத்தபோது அந்த அம்மையார் நோயிற் கிடந்தார். போகவேண்டாம் என்றனர் உறவினர். போ என்றார் தாய். 1931 மே மாதம் அவர் மறைந்தபோது மகன் கேம்பிரிட்சில் இருந்தார்.

1930 சூலை 31-ல் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. பயணிக்கு வயது பத்தொன்பது. கையிலே கணக்குத் தாள். பொருள் வெண்குறுமீன். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்கிப்போன நிலை அது. நிறை ஞாயிற்றின் நிறையளவு. உருவம் நம் நிலவுலகின் அளவு. ஒரு கன சென்டிமீட்டர் ஒரு டன் எடையளவில் இருக்கும். அதற்குமேல் சுருங்காமல் தாங்குவது எது? எலக்ட்ரான்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், தோளோடு தோள் நெருக்கி நிற்போர் இனி இடமில்லை என்று எதிர்த்துத் தள்ளுவதுபோல், நெருக்குண்ட எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளும். ஒரே நிலையில் இரண்டு நில்லா என்பது பவுலியின் விலக்கு விதி. (இவ்விலக்கு மனிதர் மனிதர்க்கு விதித்த விலக்கன்று, எல்லா எலக்ட்ரானுக்கும் ஒன்றே.) எவ்வளவு கனத்த மீனாயினும் இவ்வெதிர்ப்பு தாங்கிக்கொள்ளும் என்று அறிஞர் நிம்மதியாய் இருந்தனர்.

கப்பலில் அந்த இளைஞர் ஒன்றைக் கவனித்தார். மீன் கனக்கக் கனக்க, உள்ளே எலக்ட்ரான்கள் ஒளியின் விரைவை நெருங்கும். நெருங்கினால் ஐன்சுடைனின் கணக்கையும் சேர்க்கவேண்டும். சேர்த்தார். எதிர்ப்பு சளைத்துப்போனது. ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறையை எலக்ட்ரான்களால் தாங்கவே இயலாது! 1931-ல் வெளியான முதற் கட்டுரையில் அவ்வெல்லை ஞாயிற்றின் நிறையில் 0.91 பங்கு, மீனின் உட்பொருள் பற்றிய மதிப்பீடு திருந்தியபின் ஏறத்தாழ 1.4 மடங்கு. எல்லை உண்டென்பதை ஆண்டர்சனும் சுடோனரும் அக்காலத்தே வேறு வழிகளிற் கண்டிருந்தனர். இலாண்டாவும் 1932-ல் கண்டார். முழுமையாகக் கணக்கிட்டு, அதன் விளைவுக்கு அஞ்சாது நின்றவர் சந்திரசேகர். எல்லையைக் கடந்த மீன் என்னவாகும் என்ற கேள்வியை அவர் ஒளித்து வைக்கவில்லை.

1935 சனவரி 11. இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டம். இருபத்துநான்கு வயதுத் தமிழர் தம் முடிவுகளைப் படித்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். முந்தைய மாதங்களில் அடிக்கடி வந்து இளைஞரின் கணக்கைப் பார்த்தவர். மறுப்பு உண்டென ஒரு சொல்லும் சொல்லாதவர். அன்று சொன்னார்: இக்கணக்குப்படி மீன் சுருங்கிக்கொண்டே போய்ச் சில கிலோமீட்டர் அளவாகி, ஒளியும் வெளியேற முடியாதபடி ஆகிவிடும், இப்படி அபத்தமாக ஒரு விண்மீன் நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்றார். அவை சிரித்தது. கருந்துளை என்று இன்று நாம் அழைப்பதை, முன்னதாகவே தம் அறிவால் தொட்டுவிட்டு, தொட்ட கையை உதறினார் அம்மேதை!

அவர் சொன்னதில் சான்று எங்கே? கணக்கிலே பிழை எங்கே? ‘எனக்கு ஒவ்வாது’ என்பது சான்றாகுமா? ஆகாது என்று பலர்க்கும் தெரிந்திருந்தது. போரும் பவுலியும் உரோசன்பெல்டும் இளைஞர் பக்கமே நியாயம் என்று தனியே ஒப்பினர். வெளியே வந்து சொல்ல முன்வரவில்லை. வேத ஆகமங்களின் பெயரால் வாயடைப்பதை நாம் அறிவோம். அறிவியல் அவையிலேயும் ஒரு பெரும்பெயர் வாயடைக்க முடியும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. ஆனால் வேற்றுமையும் உண்டு. அங்கே கணக்கு அச்சேறியிருந்தது. எவரும் போட்டுப் பார்க்கலாம். எடிங்டனின் பெயர் கணக்கின் ஓர் இலக்கத்தையும் அழிக்க முடியவில்லை.

சந்திரசேகர் சண்டையை நீட்டவில்லை. 1937-ல் அமெரிக்கா சென்று சிகாகோப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1939-ல் விண்மீன் கட்டமைப்பைப் பற்றி நூலெழுதி, வழக்கை அதில் வைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். 1967-ல் துடிமீன்கள் அகப்பட்டன. எல்லையை மீறிச் சுருங்கிய மீன்கள் கற்பனையல்ல என்பது கண்கூடாயிற்று. 1983-ல், கப்பற் பயணத்துக்கு 53 ஆண்டுகளுக்குப்பின், நோபெல் பரிசு வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, மறைந்த எடிங்டனின் நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தி, அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த விண்ணியலார் என்றே பாராட்டினார். தம்மைக் கடவுள் நம்பிக்கையற்றவர் என்று வெளிப்படையாகச் சொன்ன மனிதர். அவரிடம் இருந்த பெருந்தன்மை, நாளெல்லாம் கடவுளை அழைப்போரிடமும் அரிதாகவே காணப்படுகிறது. 1995 ஆகஸ்ட் 21-ல் மறைந்தார். 1999-ல் விண்ணேறிய எக்ஸ்-கதிர் ஆய்வகம் ‘சந்திரா’ என்னும் அவர் பெயர் பெற்றது.

விண்மீனின் சாவுக்கும் அண்டத்தின் முடிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரு கதைகளும் 1998-ல் ஒன்றாயின. வெண்குறுமீன் ஒன்று, பக்கத்து மீனிடமிருந்து பொருளை ஈர்த்து ஈர்த்து அந்த 1.4 எல்லையை நெருங்கினால், அணுத்தீ பற்றி முழுதும் வெடித்துச் சிதறும். ஓர் உடுமண்டலம் முழுமைக்கும் ஈடாக ஒளிரும். இதை முதலாம்-ஏ வகைச் சூப்பர்நோவா என்பர். இரு குறுமீன்கள் மோதியும், எல்லைக்குக் குறைவான நிறையிலும் இவை நிகழ்வதுண்டு என்று இப்போது ஆராய்கிறார்கள்; ஆயினும் இவ்வெடிப்புகளின் ஒளியை ஓர் அளவுக்குக் கொண்டுவர இயலுகிறது. லீவிட்டின் விளக்குகள் எட்டாத தொலைவையும் இவ்விளக்குகள் அளந்தன.

பெர்ல்மட்டர் தலைமையில் ஒரு குழு; சுமிட்டும் இரீசும் முன்னின்ற மற்றொரு குழு. ஈர்ப்பினால் விரிவின் விரைவு குறைந்துகொண்டு வரும், எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம் என்றே இரண்டும் புறப்பட்டன. தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாயிருந்தன. மங்கல் என்றால் மேலும் தொலைவு. விரிவின் விரைவு குறையவில்லை, பெருகுகிறது! போட்டியிட்ட இரு குழுக்களும் ஒரே முடிவுக்கு வந்தன. 2011-ல் மூவர்க்கும் நோபெல் பரிசு. விரிவைத் தள்ளும் பொருளுக்கு ‘இருள் ஆற்றல்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர்தான் தெரியும். அண்டத்தின் இருப்பில் ஏறத்தாழ 68 விழுக்காடு அது. 27 விழுக்காடு இருள் பொருள். நிலமும் நீரும் தீயும் வளியும் விண்மீனும் நாமும் சேர்ந்து எஞ்சிய 5. இராமன் பிறந்த ஊரின் ஐம்பூதக் கணக்கு இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் முடிவு? இருள் ஆற்றல் மாறாதிருந்தால் அண்டம் என்றும் விரியும். உடுமண்டலங்கள் ஒன்றின் கண்ணிலிருந்து மற்றொன்று மறையும். புதுமீன் பிறப்பது நிற்கும். குறுமீன்கள் குளிர்ந்து கறுக்கும். அவ்வாற்றல் பெருகினால் அணுவரை எல்லாம் கிழியலாம் என்பாரும், குறைந்து திரும்பினால் எல்லாம் மீண்டும் ஒடுங்கலாம் என்பாரும் உண்டு. மீண்டும் ஒடுங்குமென்றால் நான்முகன் பகலும் இரவும் மெய்தானே என்று யாரோ எழுந்திருப்பது நமக்குத் தெரிகிறது. அவர் அமரட்டும், 197 கோடியை மறக்க வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா மலையிலிருந்து பல இலட்சக்கணக்கான உடுமண்டலங்களை அளந்து வரும் ‘தேசி’ ஆய்வு, இருள் ஆற்றல் காலப்போக்கில் தளர்ந்து வருகிறதோ என்ற ஐயத்தை 2024-லும் 2025-லும் எழுப்பியது. முடிந்த முடிபாக அவர்களே அதைக் கூறவில்லை.

நம் ஞாயிற்றின் முடிவில் அத்தகைய ஐயமில்லை. அதன் நிறை 1. சந்திரசேகர் வகுத்த எல்லை 1.4. துணைமீனும் அதற்கில்லை. ஆகவே அது வெடிக்காது. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டில் எரிபொருள் தீர்ந்து, செம்பெருமீனாய் ஊதி, உறை கழன்று, வெண்குறுமீனாய் அடங்கும். ஆனால் காவிரி அவ்வளவு காலம் காத்திராது. ஞாயிற்றின் ஒளி ஒவ்வொரு 100 கோடி ஆண்டிலும் பத்திலொரு பங்கு கூடிவருகிறது. அடுத்த 100 கோடி ஆண்டளவில் கடல்கள் வற்றத் தொடங்கும். திருவானைக்காவின் நீரும் அவற்றோடு சேர்ந்து ஆவியாகும்.